மூன்றாம் பெட்டி பதில் சொல்லவில்லை

அத்தை: எலிதான் மாப்ள. நான் சொல்றேன்ல... எலிதான்.

மாப்பிள்ளை: அத்தை, இந்த ஒயரைக் கொஞ்சம் பாருங்க. பிளக்குல ரெண்டு பக்கமும் திருகாணி. போன தடவை வந்தப்பதான் கையால இறுக்கிட்டுப் போனேன். உங்க எலி வந்து ரெண்டையும் திருகிக் கழட்டி, ஒயரை அழகா சுருட்டி பக்கத்துல வச்சுட்டுப் போயிருக்கு.

அத்தை: நல்ல எலி.

மாப்பிள்ளை: ஒரு கடி கூட கடிக்கல.

அத்தை: அதான் சொல்றேனே, நல்ல எலின்னு. முதல்ல உக்காருங்க. வேர்வைல சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். ஃபேனுக்குக் கீழ நாற்காலி போட்டிருக்கேன் பாருங்க.

மாப்பிள்ளை: உக்கார நேரமில்ல. ஸ்க்ரீனைப் பாருங்க. நாலு பெட்டிக்கும் முப்பத்தேழரை டிகிரின்னு நிக்குது. அது எப்பத்திய கணக்கு தெரியுமா? காலைல பத்து நாப்பது. இப்ப மணி பன்னெண்டாகப் போகுது.

அத்தை: முப்பத்தேழரைதானே இருக்கணும்? முட்டை பொரிய அதானே சூடு?

மாப்பிள்ளை: இருக்கணும். இருக்கான்னு யாருக்குத் தெரியும்?

அத்தை: எனக்குத் தெரியும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் கண்ணாடி தெர்மாமீட்டர் தொங்குது. கால் மணிக்கொரு தடவை போய்ப் பாக்கறேன்.

மாப்பிள்ளை: அப்ப இந்தக் கம்ப்யூட்டர் எதுக்கு?

அத்தை: கல்யாணமான புதுசுல நீங்க ஆசையா பண்ணிக் குடுத்தீங்க. வேண்டாம்னா சொல்ல முடியும்?

மாப்பிள்ளை: அடடா... ஏழு வருஷம் கழிச்சு உண்மை வருது.

அத்தை: சும்மா சொன்னேன் மாப்ள. இதை நம்பித்தானே நான் கடைக்குப் போறேன், குளிக்கப் போறேன். எங்க இருந்தாலும் போன்ல சூடு தெரியுதே. வந்து உக்காருங்கன்னா...

மாப்பிள்ளை: உக்காந்துட்டேன். இப்ப நான் ஒண்ணு படிக்கறேன், கேளுங்க. போன மாசம் உங்களுக்குச் சொல்லாம ஒரு சின்ன வேலை பண்ணி வச்சேன். மூணாம் பெட்டி எப்ப பேச்சை நிறுத்துச்சுன்னு ஒரு ஃபைல்ல எழுதிக்கிட்டே வரும்.

அத்தை: எனக்குத் தெரியாம என் கம்ப்யூட்டர்லயா?

மாப்பிள்ளை: திங்கள், பத்து நாப்பத்தி ரெண்டு. புதன், பத்து முப்பத்தெட்டு. வியாழன், பத்து நாப்பது. வெள்ளி, பத்து நாப்பத்தஞ்சு. மறுபடியும் திங்கள்...

அத்தை: போதும் போதும். பள்ளிக்கூடத்துல ஆஜர் கூப்பிடற மாதிரி இருக்கு.

மாப்பிள்ளை: சனிக்கிழமை ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை ஒண்ணுமில்ல. எந்த வாரத்துலயும் இல்ல. எலிக்கு வார லீவா அத்தை?

அத்தை: ஆபீஸ் எலி போல இருக்கு.

மாப்பிள்ளை: சிரிக்காதீங்க.

அத்தை: நான் எங்க சிரிச்சேன்? குஞ்சுங்க கத்துது. ஒண்ணாம் பெட்டில நேத்து பொரிஞ்சது. எட்டிப் பாருங்க, ஒண்ணு மட்டும் கறுப்பு.

மாப்பிள்ளை: பேச்சை மாத்தாதீங்க. இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டுத்தான் கிளம்புவேன். டைம்அவுட் போடப் போறேன்.

அத்தை: அது என்ன?

மாப்பிள்ளை: இந்த ப்ரோக்ராம் ஒவ்வொரு பெட்டியா போய் 'உன் சூடு எவ்ளோ'ன்னு ஒயர் வழியா கேக்கும். பதில் வர்ற வரைக்கும் அடுத்த பெட்டிக்குப் போகாது.

அத்தை: மரியாதை தெரிஞ்ச ப்ரோக்ராம்.

மாப்பிள்ளை: மரியாதை இல்ல அத்தை, எழுதினவனோட முட்டாள்தனம். ஒயரே கழண்டு கிடக்கு, பதில் எங்கிருந்து வரும்? இது பாட்டுக்கு நிக்கும். மூணாம் பெட்டி வாயைத் திறக்கற வரைக்கும் ஒண்ணு, ரெண்டு, நாலு எல்லாத்தையும் விட்டுடும். ஸ்க்ரீன்ல பழைய நம்பர் அப்படியே இருக்கும். பாக்கறவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுக்குவாங்க.

அத்தை: அதுக்கு?

மாப்பிள்ளை: 'ரெண்டு செகண்ட் பாரு, பதில் வரலியா, வரலன்னு எழுதிட்டு அடுத்த பெட்டிக்குப் போ'ன்னு சொல்லித் தரணும். அவ்ளோதான். ஒயர் கழண்டா மணி அடிக்கும், நீங்களே சொருகிடலாம். எனக்கு போன் பண்ண வேண்டாம், நான் ஓடி வர வேண்டாம்.

அத்தை: அடுத்த வாரம் போடுங்களேன்.

மாப்பிள்ளை: ஏன்?

அத்தை: இன்னைக்கு வெயில் ஜாஸ்தி. நிதானமா சாப்பிட்டுட்டு, கொஞ்சம் படுத்துட்டு... போன வாரம் நானே கேட்டேன், 'இதுக்கு நிரந்தரமா ஒரு வழி இல்லியா'ன்னு. 'அப்புறம் பாக்கலாம் அத்தை'ன்னு சொன்னது யாரு?

மாப்பிள்ளை: அது... போன வாரம்.

அத்தை: இந்த வாரம் மட்டும் என்ன அவசரம்?

மாப்பிள்ளை: வியாழக்கிழமையை மறந்துட்டீங்களா? ரெண்டாம் பெட்டில ஹீட்டர் ஃபியூஸ் போச்சு. உள்ள முப்பத்திமூணு. ஸ்க்ரீன்ல முப்பத்தேழரை.

அத்தை: மறப்பேனா...

மாப்பிள்ளை: இன்னும் ஒரு மணி நேரம் நீங்க கதவைத் திறந்து பாக்கலேன்னா...

அத்தை: ஆயிரத்து இருநூறு முட்டை. தெரியும். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க வர லேட்டாச்சேன்னு முக்கா மணி நேரமா வாசல்லயே நின்னுட்டேன், அதான் உள்ள போய்ப் பாக்கல. சரி, போடுங்க... உங்க டைம்அவுட்டைப் போடுங்க.

மாப்பிள்ளை: அத்தை, உங்களைக் குத்தம் சொல்லல. குத்தம் என் மேல...

அத்தை: போன் அடிக்குது பாருங்க.

மாப்பிள்ளை: அடிக்கட்டும்.

அத்தை: சிட்டுதானே? பொண்டாட்டி கூப்பிட்டா எடுக்க மாட்டீங்களா? எடுங்க.

மாப்பிள்ளை: இதுல காதுல வச்சா கேக்காது, ஸ்பீக்கர்லதான் பேசணும். ரிப்பேர். நீங்க கொஞ்சம்... ஒரு நிமிஷம் சத்தம் போடாம இருக்கீங்களா?

அத்தை: நான் ஏன் சத்தம் போடப் போறேன்?

மாப்பிள்ளை: ஹலோ... சொல்லும்மா.

மகள்: என்னங்க, பிஸியா?

மாப்பிள்ளை: ஆமா. ஆபீஸ்ல... மீட்டிங்ல இருக்கேன்.

மகள்: பெரிய மீட்டிங்கா? எத்தனை பேர்?

மாப்பிள்ளை: நாலாயிரம்... நாலு. நாலு பேர்.

மகள்: அது என்னங்க பின்னாடி கீச்சு கீச்சுன்னு?

மாப்பிள்ளை: அது... பிரிண்டர். பழசு. எண்ணெய் போடணும்.

மகள்: ஓ... ஆபீஸ்ல ஒருத்தரும் கவனிக்கறதில்லையா அதை? பாவம்.

மாப்பிள்ளை: சொல்லியிருக்கேன்.

மகள்: சரி, சாப்பிட்டீங்களா? டிபன் பாக்ஸ்ல ஆம்லெட் வச்சிருக்கேன். ஆறறதுக்குள்ள நல்ல இடமா பாத்து உக்காந்து சாப்பிடுங்க. வெயில்ல எங்கயும் அலையாதீங்க.

மாப்பிள்ளை: ஆபீஸ்ல ஏதும்மா வெயில்...

மகள்: சும்மா சொன்னேன். வைக்கறேன். பிரிண்டரை பத்திரமா பாத்துக்கோங்க.

மாப்பிள்ளை: அத்தை...

அத்தை: குஞ்சு பொரிக்கிற இடத்துக்கு ஆம்லெட்டா கட்டிக் குடுத்து விட்டிருக்கா? வெளிய வச்சு சாப்பிடுங்க, இதுங்க பாத்துடப் போகுது.

மாப்பிள்ளை: அது வந்து... அரை நாள் லீவு போட்டுட்டு இங்க வந்தேன்னு சொன்னா திட்டுவா. அதான் ஆபீஸ்னு...

அத்தை: நான் ஒண்ணும் கேக்கலியே.

மாப்பிள்ளை: இல்ல, நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாதுன்னு...

அத்தை: வேலையைப் பாருங்க மாப்ள. டைப் அடிக்கறதை நிறுத்திட்டீங்க.

மாப்பிள்ளை: ம்... இதோ. இந்த வரிலதான் படிக்கச் சொல்லியிருக்கேன். இங்க ஒரு நேரம் குடுத்தா போதும். குடுத்தாச்சு. ஒயரையும் மாட்டியாச்சு. ஓட விடறேன்.

அத்தை: ரெண்டு செகண்டா?

மாப்பிள்ளை: ரெண்டு எதுக்கு? அதுல அஞ்சுல ஒரு பங்கு கூட வேண்டாம். கண்ணு சிமிட்டற நேரம் குடுத்திருக்கேன். சட்டு சட்டுன்னு போகட்டும். ஒண்ணாம் பெட்டி, முப்பத்தேழரை. ரெண்டாம் பெட்டி, முப்பத்தேழு புள்ளி நாலு. மூணாம் பெட்டி... மூணு.

அத்தை: என்ன மூணு?

மாப்பிள்ளை: மூணு டிகிரி!

அத்தை: ஐயையோ! முட்டையை வச்சிருக்கேனா, ஐஸ் வச்சிருக்கேனா? சூடு குறைஞ்சா அடிக்கற இந்த மணி வேற... நிறுத்துங்க மாப்ள, தெரு முழுக்கக் கேக்கும்!

மாப்பிள்ளை: இருங்க இருங்க... இப்ப மாறிடுச்சு. ஏழரை.

அத்தை: ஏழரையா! நல்லா இருந்த பெட்டிக்கு ஏழரையைக் கூட்டிட்டீங்களே!

மாப்பிள்ளை: உள்ள பாருங்க அத்தை, தெர்மாமீட்டர்ல என்ன?

அத்தை: முப்பத்தேழரை! கல்லு மாதிரி முப்பத்தேழரையில நிக்குது! பெட்டி ஒழுங்காத்தான் இருக்கு, உங்க கம்ப்யூட்டருக்குத்தான் ஜன்னி.

மாப்பிள்ளை: மூணு... அப்புறம் ஏழரை... அட! மூணு, ஏழரை. முப்பத்தேழரை!

அத்தை: முதல்ல அந்த மணியை நிறுத்துங்க.

மாப்பிள்ளை: நிறுத்திட்டேன். புரிஞ்சிடுச்சு அத்தை. மூணாம் பெட்டி சென்சார் பழசு. முப்பத்தேழரைன்னு சொல்ல வருது. முதல் எழுத்து மூணைச் சொல்லிட்டு மூச்சு வாங்குது. நான் குடுத்த நேரம் அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. ப்ரோக்ராம் கையில கிடைச்ச மூணை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடிடுச்சு. அடுத்த தடவை வந்து கேட்டப்ப, மிச்சம் கிடந்த ஏழரை வந்து விழுந்துச்சு.

அத்தை: பாதிப் பேச்சைக் கேட்டுட்டு ஓடினா இப்படித்தான். உங்க மாமாவும் இதே ரகம். 'கடைக்குப் போறீங்களே, சோப்பு வாங்காதீங்க, வீட்ல இருக்கு'ன்னு சொல்லுவேன். மூணு சோப்போட வந்து நிப்பார்.

மாப்பிள்ளை: மாமா மேல பழி போடாதீங்க, அவர் பதில் சொல்ல முடியாத இடத்துல இருக்கார்.

அத்தை: இருந்தப்பவும் பதில் சொல்ல மாட்டார். சரி, இதை எப்படித் திருத்தறது?

மாப்பிள்ளை: ஒவ்வொரு நம்பர் முடிஞ்சதும் சென்சார் ஒரு முடிவு அடையாளம் அனுப்பும். அது வர்ற வரைக்கும் துண்டு துண்டா வாங்கிச் சேத்து வைக்கணும். ரெண்டு செகண்ட் ஆகியும் அடையாளம் வரலன்னா, கையில இருக்கற துண்டைத் தூக்கிப் போட்டுட்டு, ஸ்க்ரீன்ல 'தெரியல'ன்னு எழுதணும். தொடர்ந்து மூணு தடவை 'தெரியல'ன்னா மணி அடிக்கணும்.

அத்தை: தெரியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ கஷ்டம்?

மாப்பிள்ளை: கஷ்டம்தான் அத்தை. பழைய நல்ல நம்பரைக் காட்டிக்கிட்டே உக்காந்திருக்கறதுதான் சுலபம்.

அத்தை: ம்...

மாப்பிள்ளை: என்ன 'ம்'?

அத்தை: ஒண்ணுமில்ல. இந்தாங்க, தண்ணி. ஒரே மூச்சுல குடிக்காதீங்க, புரையேறும்.

மாப்பிள்ளை: ரெண்டு செகண்ட். துண்டு சேக்கறதுக்கு இடம். முடிவு அடையாளம்... ஆச்சு. இப்ப பாருங்க. முப்பத்தேழரை, முப்பத்தேழு நாலு, முப்பத்தேழரை, முப்பத்தேழு ஆறு. எப்படி ஓடுது!

அத்தை: அழகா ஓடுது.

மாப்பிள்ளை: ஒரு பரீட்சை வைக்கணும். நான் ஸ்க்ரீனைப் பாத்துட்டிருக்கேன். நீங்க மூணாம் பெட்டி ஒயரைக் கழட்டுங்க.

அத்தை: கழட்டிட்டேன்.

மாப்பிள்ளை: அதுக்குள்ளயா?

அத்தை: என்ன? மணி அடிக்குதுல்ல? 'தெரியல'ன்னு வந்துடுச்சு. மத்த மூணு பெட்டியும் நம்பர் மாறிக்கிட்டேதான் இருக்கு. நல்லா வேலை செய்யுது மாப்ள!

மாப்பிள்ளை: அத்தை.

அத்தை: ம்?

மாப்பிள்ளை: பெட்டிக்குப் பின்னாடி கையை விட்டு, கண்ணால பாக்காம, ரெண்டு திருகாணியையும் மூணே செகண்ட்ல கழட்டிட்டீங்க. எனக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

அத்தை: கைராசி.

மாப்பிள்ளை: அத்தை...

அத்தை: ஒயரைச் சுருட்டியும் வச்சிட்டேன், பாருங்க.

மாப்பிள்ளை: எலி!

அத்தை: சரி... ஆமா. நான்தான். எத்தனை நாள்தான் ஒரு வாயில்லாத ஜீவன் மேல பழி போடறது.

மாப்பிள்ளை: ரெண்டரை மாசமாவா? ஏன் அத்தை?

அத்தை: தனியா இருக்கேன்ல. நாலு பெட்டியையும் பாத்துக்கிட்டு, பேச ஆளில்லாம... நீங்க வந்தா ஒரு மணி நேரம் கலகலன்னு இருக்கும். அவ்ளோதான். வியாழக்கிழமை அந்த ஃபியூஸ் போனப்ப செத்துப் பொழைச்சேன் மாப்ள. இனி தொட மாட்டேன்னு நினைச்சேன். இன்னைக்குக் காலைல மறுபடியும் கை போயிடுச்சு. ஆனா முட்டை மேல சத்தியமா, இன்னைக்குப் பெட்டியை விட்டு நகரல.

மாப்பிள்ளை: சும்மா 'வாங்க'ன்னு கூப்பிட்டா வர மாட்டேனா நான்?

அத்தை: பகல்ல உங்களுக்கு ஆபீஸ் இருக்கே. காரணமில்லாம எப்படிக் கூப்பிடறது? என்னை மட்டும் கேக்கறீங்களே, நான் ஒண்ணு கேக்கட்டுமா? இந்த டைம்அவுட்டைப் போட எவ்ளோ நேரம் ஆச்சு?

மாப்பிள்ளை: அந்த ஏழரையைத் தள்ளிட்டா... ஒரு இருபது நிமிஷம்.

அத்தை: முதல் நாள் ப்ரோக்ராம் நின்னப்பவே உங்களுக்குத் தெரியும்ல, என்ன பண்ணணும்னு?

மாப்பிள்ளை: தெரியும்.

அத்தை: அப்ப ஏன் பண்ணல?

மாப்பிள்ளை: அத்தை... நான் ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டீங்களே?

அத்தை: சொல்லுங்க.

மாப்பிள்ளை: எனக்கு வேலை போயிடுச்சு.

அத்தை: ம்.

மாப்பிள்ளை: இப்ப இல்ல. மூணு மாசம் ஆகப் போகுது. எங்க பிரிவையே மூடிட்டாங்க. அன்னைக்கு சாயந்திரம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிடணும்னுதான் போனேன். கதவைத் திறந்து 'இன்னைக்கு எப்படிப் போச்சு'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. 'நல்லா போச்சு'ன்னு வாய் தானா சொல்லிடுச்சு. மறுநாளும் அதையே... அப்புறம் நாள் ஆக ஆக சொல்லவே முடியல.

அத்தை: காலைல டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு...

மாப்பிள்ளை: லைப்ரரி. லைப்ரரி மூடியிருந்தா பஸ் ஸ்டாண்ட். பெஞ்சுல உக்காந்து விண்ணப்பம் அனுப்பிட்டே இருப்பேன். அங்க இருக்கறப்பதான் முதல் தடவை நீங்க போன் பண்ணீங்க, கம்ப்யூட்டர் நின்னு போச்சுன்னு. வந்தேன். இந்த நாற்காலியைப் போட்டீங்க, ஃபேனைப் போட்டீங்க. ரொம்ப நாளைக்கப்புறம் ஒருத்தருக்கு என்னால ஏதோ ஆகுதுன்னு... அதைச் சரி பண்ணிட்டா நாளைக்கு வர காரணமில்லாமப் போயிடும்னு விட்டுட்டேன். அப்படி விட்டதாலதான் வியாழக்கிழமை ரெண்டாம் பெட்டி... மன்னிச்சிடுங்க அத்தை.

அத்தை: அந்தப் பெட்டி ஒரு நாள் தாமதமா பொரிஞ்சாலும் பொரியும். அதை விடுங்க. கண்ணைத் தொடச்சுக்கோங்க. அது கை துடைக்கற துணி, எண்ணெய் இருக்கும்... இந்தாங்க, இதை எடுத்துக்கோங்க.

மாப்பிள்ளை: வியாழக்கிழமை நான் லேட்டா வந்தது ஒரு இன்டர்வியூக்காக. நேத்து பதில் வந்துடுச்சு. திங்கக்கிழமை சேரணும்.

அத்தை: கிடைச்சிடுச்சா!

மாப்பிள்ளை: கிடைச்சிடுச்சு அத்தை. அதனாலதான் இன்னைக்கே டைம்அவுட் போடணும்னு அடம் பிடிச்சேன். இனி பகல்ல என்னால ஓடி வர முடியாது. நிஜமாவே ஒயர் கழண்டா உங்களுக்கு உடனே தெரியணும்ல.

அத்தை: வயித்துல பாலை வார்த்தீங்க மாப்ள... கிடைக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்?

மாப்பிள்ளை: நீங்க... அதிர்ச்சியே ஆகல.

அத்தை: வயசாச்சுல்ல. அதிர்ச்சியெல்லாம் மெதுவாத்தான் வரும்.

மாப்பிள்ளை: ஒரு உதவி பண்ணணும். சிட்டு கிட்ட இதைச் சொல்லாதீங்க. வேற நல்ல கம்பெனிக்கு மாறிட்டேன்னு நான் சொல்லிக்கறேன். நடுவுல இந்த மூணு மாசம் இருந்ததே அவளுக்குத் தெரிய வேண்டாம். இதை எப்படித் தாங்குவா? தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா.

அத்தை: உடைஞ்சுதான் போனா மாப்ள. நீங்க ஒரு நாள் போனை வீட்லயே விட்டுட்டுப் போனீங்களாம், குடுக்கலாம்னு ஆபீஸ் வரைக்கும் போயிருக்கா. வாசல்ல இருந்த காவல்காரர், நீங்க வர்றதை நிறுத்தி பத்து நாளாச்சுன்னு சொன்னாராம். நேரா இங்கதான் வந்தா, இதோ இந்த நாற்காலில உக்காந்து அப்படி ஒரு அழுகை. 'அவரா சொல்ற வரைக்கும் நான் கேக்க மாட்டேம்மா, கேட்டா கூசிப் போயிடுவார். ஆனா இந்த வெயில்ல எங்க போய் உக்காந்திருக்காரோ, ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிக் கூப்பிடு'ன்னு அவதான் சொன்னா. எந்த ஒயரைக் கழட்டினா ப்ரோக்ராம் நிக்கும், எந்தப் பக்கம் திருகணும்னு சொல்லிக் குடுத்ததும் அவதான், நீங்க முதல்ல இதை மாட்டினப்ப கூட இருந்து பாத்தவளாச்சே. சாயந்திரம் போனதும் எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிடுங்க... பாவம், ஒண்ணும் தெரியாத மாதிரி சிரிச்சு சிரிச்சு அவளும் களைச்சுப் போயிட்டா.